இரண்டு கல்லில் ஒரு பூ

ஏறக்குறைய ஒரு வருடம், எங்கள் வீட்டில் காலையில் எழுந்ததும் யாரும் டீ போட்டாச்சா என்று கேட்டதில்லை. "பூ எப்படி இருக்குது?" என்றுதான் கேட்பார்கள். வீட்டுக்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்பார். மகள் வாய் நிறைய பேஸ்ட் நுரையோடு கேட்பாள். பக்கத்து வீட்டுத் தங்கச்சி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "யக்கா, பூ?" என்பாள். நான் பின்கதவைத் திறந்து, செருப்பு போடாமல் நாலு படி ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இருக்குது, நல்லா இருக்குது" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

அந்த ஒரு வருடத்தில் கடைசி பதினோரு நாள் நான் சொன்னது பொய்.

அந்தப் பூ செடியில் பூத்தது இல்லை. நான் பெயிண்டால் போட்டது. எதற்குப் போட்டேன் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெரு மலையடிவாரத்தில் மேலே ஏறிக்கொண்டே போகும். எங்கள் வீடு கடைசி வரிசை. ஷீட் போட்ட முன்னறை, தளம் போட்ட பின்னறை. வீட்டுக்காரர் கொத்தனார். ஊரில் மற்றவர்களுக்கு இரண்டு மாடி மூன்று மாடி கட்டுகிறவர், சொந்த வீட்டை மட்டும் பத்து வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார். பின்னறை மகளுக்கு. அவள் காலேஜில் படிக்கிறாள். அவளுடைய கட்டில் பின்சுவரை ஒட்டிக் கிடந்தது. சுவருக்குப் பின்னால் பத்தடி இடம். அதற்குப் பின்னால் மண் மேடு. மேட்டின் மேல் அந்தக் கல்.

ஒரு ஷேர் ஆட்டோ அளவு இருக்கும். மண்ணில் பாதி புதைந்து கிடக்கிற இன்னொரு கல்லின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. இரண்டும் ஒட்டுகிற இடம் மூடின உதடு மாதிரி ஒரு கோடாகத் தெரியும். நாங்கள் இங்கே வந்த நாளிலிருந்து அதைப் பார்க்கிறோம். வெயில் காலத்தில் அதன் மேல் வடகம் காய வைத்திருக்கிறேன். பயந்ததில்லை. எங்கள் ஊரில் மலையைப் பார்த்துக் கும்பிடுவார்கள், பயப்பட மாட்டார்கள். மலைதான் சாமி. சாமி நம் மேல் கல்லைத் தள்ளும் என்று யாராவது வாய்விட்டுச் சொல்வார்களா?

பிறகு ஒரு கார்த்திகையில் மழை நிற்காமல் பெய்தது. மலையில் வேறொரு பக்கம் மண் சரிந்தது என்று கேள்விப்பட்டோம். அன்றைக்கு எங்கள் தெருவில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. தாலுக்கா ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்து, எல்லாரையும் கீழே இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். போனோம். எட்டு நாள் அங்கே இருந்தோம்.

நான் கூச்ச சுபாவம். பஸ்ஸில் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்தும் கண்டக்டரைக் கூப்பிட வெட்கப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்ப நடந்து வந்திருக்கிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியதற்கு வீட்டில் ஆயிரம் காரணம் சொல்வார்கள். பதினொன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம், புது ஆட்கள் என்றதும் நானே ஒதுங்கிக்கொண்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். அப்படிப்பட்டவளுக்கு, ஒரே கூடத்தில் ஊரே படுத்திருக்க, புடவைக்குள்ளேயே ஜாக்கெட் மாற்றுவதும், ஆண்கள் நிற்கிற இடத்தைத் தாண்டி பக்கெட்டோடு கக்கூஸ் வரிசையில் நிற்பதும் எப்படி இருந்திருக்கும். எட்டு நாளும் தண்ணீர் குடிப்பதைக் கம்மி பண்ணிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் நீர்க்கடுப்பில் துடித்தேன். இனி செத்தாலும் அந்தக் கூடத்துக்குப் போவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொன்னது வெறும் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் வீட்டுக்காரர் கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "செவுத்துல விரிசல் வுட்டா நாங்க குறுக்க ஒரு கண்ணாடித் துண்ட ஒட்டி வெப்போம். செவுறு நகர்ந்தா கண்ணாடி ஒடையும். அதே மாதிரிதான் இதுவும்" என்று சொல்லி, இரண்டு கல்லுக்கும் குறுக்கே கரியால் ஒரு கோடு போட்டார். மறுநாள் பனியில் கோடு போய்விட்டது. திரும்பப் போட்டார். அதுவும் போனது.

"பெயிண்ட் இருந்தா நிக்கும்" என்றார்.

செங்கம் ரோட்டில் ஒரு தங்கும் விடுதியில் அறை பெருக்கித் துடைக்கிற வேலை எனக்கு. அங்கே கேட்டுக்குப் பெயிண்ட் அடித்து மீந்த டப்பாக்கள் மாடிப்படிக்கு அடியில் கிடந்தன. சிவப்பு, மஞ்சள், வெள்ளை. அடியில் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. விடுதிக்காரம்மா, "எடுத்துக்குனு போங்கம்மா, எடம் காலியாவும்" என்றார்கள். அவ்வளவுதான்.

டப்பாவையும் பிரஷையும் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் திருப்பி என்னிடமே கொடுத்தார். "நீயே போடு. உனுக்குத்தான் கை ஆடாம வரும்."

அவருக்கு எப்படித் தெரியும் என்றால், கொரோனா வந்த வருடம் நான் படம் போடுவதை அவர் பார்த்துவிட்டார். அப்போது விடுதி மூடிக் கிடந்தது. அவருக்கும் வேலை இல்லை. ஊரில் ஆம்புலன்ஸ் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. தினமும் காலையில் காலண்டர் தாளைக் கிழிப்பேன். முன்பக்கம் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். மகள் சின்ன வயதில் வாங்கின கலர் டப்பா ஒன்று காய்ந்து கிடந்தது. அதில் தண்ணீர் தொட்டு, அந்த வெள்ளைப் பக்கத்தில் ஒரு பூ போடுவேன். ஒரு நாளைக்கு ஒன்று. சாமந்தி, அரளி, ஊமத்தை, எது தோன்றுகிறதோ அது. இன்றைய தாளில் பூ போட்டுவிட்டால் இன்றைக்கு வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வராது என்று நானாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். அது முட்டாள்தனம் என்று எனக்கே தெரியும். ஆனால் இதழ் போடுகிற நேரத்தில் கை நடுங்காது. நாளைக்கு எந்தப் பூ போடலாம் என்று நினைத்தால், நாளை என்று ஒன்று இருக்கிற மாதிரி இருக்கும். அந்தத் தாள்களை எல்லாம் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தேன். யாருக்கும் காட்டியதில்லை.

கல்லில் முதலில் கோடுதான் போட்டேன். சிவப்பு. மேல் கல்லிலிருந்து கீழ் கல்லுக்கு நேராக ஒரு கோடு. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். அரிவாளால் வெட்டின காயம் மாதிரி இருந்தது. மகள் அறையின் ஜன்னலைத் திறந்தால் நேராக அதுதான் தெரியும். தினமும் காலையில் என் பிள்ளை எழுந்து அதையா பார்ப்பாள் என்று இருந்தது. அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் வளைத்து ஒரு இதழ் ஆக்கினேன். பிறகு இன்னொன்று. கடைசியில் ஒரு செம்பருத்தி ஆயிற்று. கீழ் கல்லில் மூன்று இதழ், மேல் கல்லில் இரண்டு. நடுவில் மஞ்சள். இதழ்களில் வெள்ளை நரம்பு, இந்தக் கல்லில் தொடங்கி அந்தக் கல்லில் முடிகிற மாதிரி.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "கோடு போடச் சொன்னா தோட்டம் போட்டு வெச்சிருக்கிற."

அவர் குனிந்து, இரண்டு கல்லும் சேருகிற இடத்தில் கட்டை விரலை வைத்துத் தடவினார். "இதுவும் நல்லதுதான். கோடுன்னா ஒரு எடத்துலதான் தெரியும். இது எந்தப் பக்கம் நகர்ந்தாலும் தெரியும்" என்றார். பிறகு ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொன்னார். "வெயில்ல கலர் போச்சின்னா மேல பூசிக்க. ஆனா கல்லு சேர்ற எடத்துல மட்டும் தொடாத. ஓரத்துல பிரஷ் பட்டுச்சி, அப்புறம் இது வெறும் பூதான்."

பக்கத்து வீட்டுத் தங்கச்சி சொந்தத் தங்கச்சி இல்லை. என்னைவிட நாலைந்து வயது சின்னவள், அதனால் அப்படி. அவள் வீடும் அதே கல்லுக்குக் கீழேதான். சுவர் மேல் எட்டிப் பார்த்து, "இன்னா யக்கா, கல்லுக்கு வளகாப்பா? பூவெல்லாம் வெச்சி வுட்டுக்கிற" என்று சிரித்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. மறுநாள் அவளே படி ஏறி வந்து பார்த்தாள். அதற்கு மறுநாள் பூவின் நடுவில், மஞ்சள் மேல், ஒரு குங்குமப் பொட்டு இருந்தது. வெள்ளிக்கிழமை கற்பூரம் கொளுத்தினாள்.

வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. "அது அளவு பாக்கறதுக்கு மா. கும்புடறதுக்கு இல்ல."

"நீங்க அளவு பாருங்க மாமா, நான் கும்புட்டுக்கறேன். உங்க கல்லு தேய்ஞ்சி பூடுமா?" என்றாள்.

எங்கள் வரிசையில் ஐந்து வீடு. ஐந்து வீட்டுக்காரர்களும் பூவைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். நடுவில் ஒருநாள் கோடை மழை கொட்டியபோது கீழே இறங்கலாமா என்று பேச்சு வந்தது. நான் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்து, பூ அப்படியே இருக்கிறது என்றேன். யாரும் இறங்கவில்லை. அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்க மாட்டேன். என் கையால் போட்ட ஒன்றை நம்பி ஐந்து வீட்டில் அடுப்பு எரிகிறது. சித்திரை வெயிலில் சிவப்பு வெளுத்தபோது, வீட்டுக்காரர் சொன்னபடி ஓரத்தைத் தொடாமல் மேலே மட்டும் பூசினேன். பூ மறுபடி பளிச்சென்று ஆயிற்று.

ஐப்பசி பிறந்து மழை தொடங்கியது. ஒருநாள் காலையில் பார்க்கும்போது ஒரு இதழின் ஓரத்தில், கல் சேருகிற இடத்தில், தலைமுடி அளவு கறுப்பாகத் தெரிந்தது. பெயிண்ட் செதில் விட்டிருக்கிறது என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். கல்லில் அடித்த பெயிண்ட் மழையில் உரியத்தான் செய்யும். டப்பாவை எடுத்து வந்து அந்த இடத்தை அடைத்தேன். ஓரத்தைத் தொடாதே என்று அவர் சொன்னது காதில் கேட்டது. ஒரு சொட்டுதானே என்று நினைத்தேன். உள்ளே வந்து, "நல்லா இருக்குது" என்றேன்.

நாலு நாள் கழித்து, வெள்ளை நரம்பு சேரவில்லை. கீழ் கல்லில் வந்த நரம்பு ஒரு இடத்தில் முடிந்தது. மேல் கல்லில் அது அரை அரிசி தள்ளித் தொடங்கியது. நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தேன். இது செதில் இல்லை என்று தெரிந்துவிட்டது. அப்புறமும் என் கை பிரஷை எடுத்தது. கீழ் நரம்பைக் கொஞ்சம் வளைத்து, மேல் நரம்போடு சேர்த்து இழுத்தேன். இதழின் ஓரத்தையும் அதற்குத் தக்கபடி தள்ளிப் போட்டேன். போட்டு முடித்ததும் பூ முழுசாக இருந்தது. முன்னால் இருந்ததைவிட அழகாகக்கூட இருந்தது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். மகளுக்குப் பரீட்சை, வேறு இடத்தில் வாடகைக்குப் போக வழி இல்லை, இதெல்லாம் காரணம்தான். எழுதும்போதாவது மறைக்காமல் எழுத வேண்டும். பாதிக் காரணம் அந்தப் பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் வரிசை. மீதிப் பாதி, பூ உடைந்ததைப் பார்க்க என்னால் முடியவில்லை. அதைச் சரி செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கொரோனா காலத்தில் கை பழகிவிட்டது. காலண்டர் தாளில் அது யாருக்கும் கெடுதல் செய்யவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. விடுதியில் தரை துடைத்துக்கொண்டிருக்கும்போது ரோட்டில் லாரி ஜல்லி கொட்டினால் பக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு நிற்பேன். குழாய் சொட்டினால் மழையா என்று ஜன்னலுக்கு ஓடுவேன். மகளை முன்னறைக்கு வந்து படுக்கச் சொன்னேன். பின்னறையில் கொசு ஜாஸ்தி என்றேன்.

"முன்னாடி ரூம் கொசு எல்லாம் சைவமா மா?" என்றாள் அவள். வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் ஏன் என்று கேட்பாள்.

மூன்றாவது தடவையும் ஓரத்தைத் தொட்டேன். அப்போது அரை அரிசி இல்லை, ஒரு முழு அரிசி.

அன்றைக்குத் தூறல். வீட்டுக்காரருக்கு வேலை இல்லை, மதியம் வீட்டில் இருந்தார். நானும் விடுதியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். பக்கத்து வீட்டுத் தங்கச்சி சுவருக்கு அந்தப் பக்கம் பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைத் துணிக்கு. அவளுடைய இரண்டாவது மகளுக்கு ஒன்பதாம் மாதம். செஞ்சியில் கட்டிக் கொடுத்திருக்கிறாள். செஞ்சி பஸ் கீழ்பென்னாத்தூர் வழியாகத்தான் வரும்.

"பொண்ணு இன்னிக்கி வருது யக்கா" என்றாள். "பஸ் ஏறிட்டாளாம்."

"மழைன்னு சொல்றாங்களே" என்றேன்.

"அதான் எங்கூட்டுக்காரரும் சொன்னாரு. கீழ்பென்னாத்தூர்ல பெரியவ வூடு இருக்குதே, அங்கயே இருக்கட்டும், மழ நேரத்துல மலைகிட்ட வேணாம்னு. நான்தான் சொன்னேன், யக்கா பூ போட்டு வெச்சிருக்குது, ஒரு நூலு நகரல, நீ இன்னாத்துக்குப் பயப்படறன்னு." துணியைப் பிழிந்தாள். "காலைல பாத்தியா? நல்லா இருந்துச்சில்ல?"

"ம்" என்றேன்.

உள்ளே வந்தேன். வீட்டுக்காரர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முன்னால் உட்கார்ந்தேன். எழுந்து போய் அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்திருந்த சிவப்பு டப்பாவையும் பிரஷையும் எடுத்து வந்து அவர் காலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஓரத்தத் தொட்டுட்டேங்க" என்றேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு ரேடியோவை அணைத்தார். "எத்தினி தடவ?"

"மூணு."

அவர் சாமான் பையிலிருந்து கரண்டியை எடுத்துக்கொண்டு படி ஏறினார். நானும் பின்னால் போனேன். சிமெண்ட் பூசுகிற கரண்டியின் நுனியால், கல் சேருகிற இடத்தில் சுரண்டினார். நான் புதிதாகப் போட்டது தோல் மாதிரி உரிந்து வந்தது. அதற்குக் கீழே பழைய பூ இருந்தது. மேல் இரண்டு இதழும் கீழ் மூன்று இதழும் ஒன்றையொன்று பார்க்காமல் நின்றன. அவர் நடுவில் சுண்டு விரலை வைத்தார். விரலில் பாதி அகலம் நகர்ந்திருந்தது.

திட்டுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூட எனக்குப் பயம் குறைந்திருக்கும். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பாப்பா எங்க?" என்றார்.

"காலேஜுல."

"போன் பண்ணி வூட்டுக்கு வராதன்னு சொல்லு. ஸ்கூலுக்கு வரச் சொல்லு." இரண்டு படி இறங்கினவர் திரும்பினார். "பக்கத்து வூட்ல நீயே போய்ச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

சுவரைச் சுற்றிப் போனால் அவள் வாசல். அந்தப் பத்தடியை நடந்தேன். அவள் துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, பொண்ண வர வேணாம்னு சொல்லு. கல்லு நகர்ந்துடுச்சி."

"எப்ப? காலைல நல்லா இருந்துச்சின்னியே."

"நல்லா இல்ல. பத்துப் பதினோரு நாளா நல்லா இல்ல. நான்தான் பெயிண்ட் போட்டு சேத்து வெச்சேன்."

அவள் கையில் ஒரு ஈரத்துணி இருந்தது. அதை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "போன வெள்ளிக்கெழம கற்பூரம் கொளுத்தனேனே யக்கா. உன் பொய்க்கா கொளுத்தனேன்?"

அவள் துணியைக் கீழே போட்டுவிட்டு போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத முடியாது. மூன்றாவது தடவை எடுத்தார்கள்.

"எங்கடி கீற? கீழ்பென்னாத்தூர் தாண்டிட்டியா?" என்று கத்தினாள். "தாண்டலயா? எறங்கு. அங்கயே எறங்கிடு. அக்கா வூட்டுக்குப் போ. கேள்வி கேக்காத, எறங்குடின்னா எறங்கு."

போனை வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் தோளைத் தொடப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "மீதி மூணு வூட்லயும் போய்ச் சொல்லு போ. இங்க இன்னா நிக்கற?"

போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, கல் நகர்ந்துவிட்டது, நான் மறைத்துவிட்டேன் என்று சொன்னேன். கடைசி வீட்டில் பெரியவருக்குக் காது மந்தம். சத்தம் போட்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. தெருவே கேட்டது. ஒருவர், "பெயிண்ட் அடிச்சி எங்களப் பொதைக்கப் பாத்தியா?" என்றார். அவர் கேட்டதில் தப்பு இல்லை.

பொழுது சாய்வதற்குள் ஐந்து வீடும் கீழே இறங்கிவிட்டோம். இறங்கி ஒரு மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

அதே கூடம், அதே வரிசை. இந்தத் தடவை யாரும் என்னோடு பேசவில்லை. "பூக்காரம்மா வராங்க, வழி வுடு" என்று யாரோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். நான் பக்கெட்டோடு வரிசையில் நின்றேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீர் குடித்தேன். மழைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் முதல் நாள் கையை இழுத்துக்கொண்டாள். அடுத்த நாள் விட்டுவிட்டாள்.

ஐந்தாம் நாள் மழை விட்டது. அதிகாரிகளோடு ஆண்கள் மட்டும் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். மறுநாள் எங்களையும் விட்டார்கள்.

கல் ஒரு முழம் இறங்கி, மேட்டின் விளிம்பில் நின்றிருந்தது. அதற்கு முன்னால் இருந்த மண்ணெல்லாம் ஜன்னலை உடைத்துக்கொண்டு பின்னறைக்குள் வந்திருந்தது. கட்டிலின் கால்கள் தெரியவில்லை. தலையணை இருந்த இடத்தில் சேறு. நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். உடைந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால், மேல் கல்லில் இருந்த இரண்டு சிவப்பு இதழும் நேர் எதிரே, கிட்டத்தில் தெரிந்தன. மகளும் பார்த்தாள். போய்த் தன் புத்தகங்களைச் சேற்றிலிருந்து எடுக்க ஆரம்பித்தாள்.

பிறகு ஆட்கள் வந்து மேல் கல்லில் பாதிக்கு மேல் உடைத்தார்கள். உடைப்பதற்கு முன் அவர்களே சூடம் ஏற்றி, மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இப்போது மீதி இருப்பது ஒரு மாடு படுத்திருக்கிற அளவுதான். அதுவும் கல்தான். உடைந்த துண்டுகளை வைத்து வீட்டுக்காரர் வீட்டுக்குப் பின்னால் ஒரு தடுப்புச் சுவர் கட்டினார். ஒரு துண்டில் என் செம்பருத்தியின் ஒரு இதழ் அப்படியே இருந்தது. அதை அவர் சிவப்பு வெளியே தெரியாமல் மண் பக்கமாகத் திருப்பி வைத்துக் கட்டினார். நான் பக்கத்தில் நின்று கலவை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. கீழ்பென்னாத்தூரில் அவள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது என்று வேறு ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. ஒருநாள் நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது வந்து எதிரில் நின்றாள்.

"யக்கா, பூ போடு."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"இன்னா பாக்கற? கல்லு இன்னும் கீதில்ல? கோடு கீடெல்லாம் எனுக்குப் பாக்கத் தெரியாது. பூன்னா தெரியும். போட்டுட்டு டப்பாவையும் பிரஷையும் என்கிட்ட குடுத்துடணும். என் வூட்டு பீரோல வெச்சிப் பூட்டிக்குவேன். காலைல நான்தான் பாப்பேன். நீ பாக்க வேணாம்."

வீட்டுக்காரரைப் பார்த்தேன். "அதுவும் சரிதான்" என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

மீதிக் கல்லுக்கும் கீழ் கல்லுக்கும் சேர்த்து மறுபடி ஒரு செம்பருத்தி போட்டேன். போடும்போது கை நடுங்கியது. முன்பு நடுங்கியதில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் டப்பாவை மூடி, பிரஷைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு இப்போதும் காலண்டர் தாள் இருக்கிறது. விடுதி வேலை முடிந்து வந்து தினமும் ஒரு பூ போடுகிறேன். முன்பு மாதிரி மூடி வைப்பதில்லை. மகள் அதில் இரண்டு மூன்றை எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். அவள் இப்போது முன்னறையில் படுக்கிறாள். துணியும் ரேஷன் கார்டும் வைத்த ஒரு பை எப்போதும் வாசல் பக்கத்தில் இருக்கும்.

இன்று காலையில் தூறல். தங்கச்சி படி ஏறுகிற சத்தம் கேட்டது. நான் அடுப்பு முன்னால் நின்று பாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கத்தைவிட நேரம் ஆயிற்று.

"யக்கா" என்று குரல் வந்தது. "பூ இருக்குது. ஆனா ஒரு எடத்துல லேசா கறுப்பு தெரியுது. பெயிண்ட்டு வுட்டிருக்கா, கல்லு வுட்டிருக்கான்னு எனுக்குத் தெரியல. மாமாவ வரச் சொல்லு."

பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைத்துவிட்டு, அவரைக் கூப்பிட்டேன்.